சின்னம்மாவின் மருந்துக்கு நான் குத்திய முத்திரை

சட்டத்தரணியின் கடிதத்தோடு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் உட்காருவதில்லை. நின்றபடியே கடிதத்தை நீட்டிவிட்டு, அதற்குள் என்ன இருக்கிறதோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஹட்டன் கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பல வருடங்களாக இருக்கிறேன். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வருவதைத் தமிழாக்கி, தமிழில் வருவதை அந்த இரண்டுக்கும் மாற்றி, கீழே என் முத்திரையைக் குத்திக் கொடுப்பது என் பிழைப்பு. போன வருடம் தை மாதத்தில் ஒரு நாள் கடிதத்தோடு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் என் சின்னம்மா.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இன்னும் கொழுந்து பறிக்கிறார். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறார் என்றால் விஷயம் சின்னதில்லை என்று தெரிந்துவிட்டது. கடித உறை பிரிக்கப்பட்டிருந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒன்றிரண்டு பேர் வாசித்துப் பார்த்துவிட்டு, இது கோர்ட்டு விஷயம், நமக்கு வேண்டாம் என்று கையை விரித்துவிட்டார்களாம்.

கடிதம் கொழும்பிலிருந்து வந்திருந்தது. தோலுக்குப் பூசும் களிம்புகள் தயாரிக்கும் ஒரு கம்பனியின் சார்பில் எழுதியிருந்தார்கள். சின்னம்மாவும் அவரோடு சேர்ந்த ஐந்து பெண்களும் சின்னப் போத்தல்களில் அடைத்து, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்கும் விரல் மருந்து, அந்தக் கம்பனி காப்புரிமை பெற்ற முறையில் செய்யப்படுகிறதாம். ஆகையால் இரண்டு வாரத்துக்குள் செய்வதையும் விற்பதையும் நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. வாசிக்க வாசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் வீட்டுச் சோற்றை யார் தொடக்கூடாது என்கிறார்கள்! ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பியதும் தமிழில் சொல்வதை நிறுத்தினேன். அது ஒரு சம்மதப் படிவத்தின் நகல். அதன் அடியில் என் கையெழுத்தும் என் முத்திரையும் இருந்தன.

"அவ்வளவுதானா?" என்று சின்னம்மா கேட்டார்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன்.

அந்த மருந்து எதற்கு என்று முதலில் சொல்லவேண்டும். கொழுந்து பறிக்கிற விரலைப் பார்த்திருக்கிறீர்களா? தேயிலைச் சாறு ஏறி ஏறிக் கறுத்து, தையிலும் மாசியிலும் பனி விழுகிற காலத்தில் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் நகத்தோரம் பிளந்துபோகும். அந்தப் பிளவோடுதான் மறுநாளும் பறிக்கவேண்டும், பாத்திரம் கழுவவேண்டும், மிளகாய் அரைக்கவேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டால் வெள்ளைக் களிம்பு ஒன்றைக் காகிதத்தில் தடவிக் கொடுப்பார்கள். அது தடவின கையோடு தண்ணீரில் போய்விடும்.

எங்கள் பெண்களுக்கு ஒரு செடி தெரியும். காட்டோரத்தில், பனி தேங்கும் இடத்தில் முளைக்கும். அதன் பெயரை இங்கே எழுதமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், எழுதிப் பட்டது போதும். பச்சையாக அரைத்துப் பூசினால் அந்த இலை எரியும், புண் இன்னும் பெரிதாகும். அதனால் அதைச் சாக்கில் பரப்பி, இரண்டு மூன்று தரம் புரட்டிவிட்டு, கையில் பிடித்தால் நொறுங்காமல் துவளுகிற பதம் வரும்வரை வாட்டுவார்கள். பிறகுதான் கசக்கி, எண்ணெயில் போட்டுக் காய்ச்சுவது. பதம் தப்பினால் மருந்து இல்லை. இந்த வாட்டுகிற வித்தை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை அப்படித்தானே வாட்டுகிறார்கள்! தொழிற்சாலையில் மாடியில் கொழுந்து பரப்பிய பெண்கள் யாரோ, எரிகிற இலையையும் வாட்டித்தான் பார்ப்போமே என்று பார்த்திருக்கிறார்கள். கம்பனி தன் கண்டுபிடிப்பு என்று காப்புரிமை வாங்கியிருந்தது சரியாக இதைத்தான். இலையைக் குறிப்பிட்ட ஈரம் வரும்வரை வாட்டி, பிறகு எண்ணெயில் சாறு இறக்கும் முறை. கடிதத்தோடு வந்த காப்புரிமைப் பத்திரத்தில் பல பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். சின்னம்மா சொன்னால் இரண்டு நிமிடம்.

சின்னம்மாதான் சொன்னார். சொல்லவைத்தது நான்.

அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பு கொழும்பிலிருந்து இரண்டு ஆராய்ச்சியாளர்கள் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஒரு நடுவயது ஆண், ஓர் இளம்பெண். மலைநாட்டு மூலிகைகளைப் பற்றி ஆராய்வதாகச் சொன்னார்கள், தோட்டத்தில் பேசுவதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றார்கள். மரியாதையான மனிதர்கள். எனக்குப் பெருமை தலைக்கு ஏறிவிட்டது. எங்கள் மலைக்கு வந்து எங்களிடம் கேட்டுப் படிக்கிறார்களே என்று நினைத்தேன். வேறு எங்கும் அலையவேண்டாம் என்று நேராகச் சின்னம்மாவின் லயத்துக்கே கூட்டிப்போனேன்.

சின்னம்மா மலையிலிருந்து இறங்கி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து, எல்லாவற்றையும் செய்துகாட்டினார். இலையை அவர்கள் கையில் கொடுத்து, பதம் இதுதான், தொட்டுப் பாருங்கள் என்றார். அந்தப் பெண் தொட்டுப் பார்த்தாள், ஆண் ஒலிப்பதிவு செய்தார். தேத்தண்ணி குடித்தார்கள். கடைசியில் படிவத்தை எடுத்தார்கள். அதில் ஒரு கேள்வி, இந்தத் தகவலுக்குப் பிரதிபலன் ஏதும் எதிர்பார்க்கிறாரா என்பது.

எங்கள் லயங்களில் கைமருந்துக்கு ஒரு முறை உண்டு. கேட்டு வந்தவருக்கு இல்லையென்று சொல்லக்கூடாது. கொடுத்ததற்குப் பதிலாக எதையும் வாங்கவும் கூடாது, வாங்கினால் மருந்து பலிக்காது. ஒருமுறை யாரோ மருந்து வாங்கிய நன்றிக்கு வாசலில் ஒரு தேங்காயை வைத்துவிட்டுப் போக, என் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த லயம் வரை ஓடிப்போய்த் திருப்பிக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். சந்தையில் விற்கத் தொடங்கிய பிறகும் போத்தலுக்கும் எண்ணெய்க்கும்தான் விலை என்று சின்னம்மா சொல்வார். தோட்டத்துப் பெண்கள் கேட்டு வந்தால் அதுவும் கிடையாது.

ஆகவே கேள்வியைக் கேட்டதும் சின்னம்மா சொன்னது இதுதான். இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"மருந்துக்குக் கைநீட்டி வாங்கக் கூடாதுங்க. இது என்னுது இல்ல, தோட்டத்துல மூணு டிவிசன் பொம்பளைங்களும் எங்கம்மா காலத்துல இருந்து செய்யிறது. நீங்க கொண்டுபோனாலும் அப்புடித்தான், கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லிப்புடக் கூடாது."

நான் ஆங்கிலத்தில் எழுதியது இவ்வளவுதான்: தகவல் தந்தவர் எந்தப் பிரதிபலனும் எதிர்பார்க்கவில்லை, மனமுவந்து தருகிறார். எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையைக் குத்தினேன். மிச்சம் இரண்டு வசனத்தையும் விட்டுவிட்டேன். அந்தப் பெண்கூட, அவர் இன்னும் ஏதோ சொன்னாரே என்று கேட்டாள். சும்மா பேச்சு என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஆராய்ச்சி கடைசியில் இந்தக் கம்பனியின் கைக்குப் போயிருக்கிறது. இப்போது அந்த ஒரு வரியைக் காட்டித்தான், உங்கள் சம்மதத்தோடுதானே எடுத்தோம் என்று எழுதுகிறார்கள்.

சின்னம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஆத்திரம். கம்பனி மேல், கொழும்பு மேல், கேட்டால் கொட்டிவிடுகிற எங்கள் சனத்தின் மேல்கூட. மற்றவர்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டே இருந்தால் அந்தக் கடைசிப் பக்கத்தை நினைக்காமல் இருக்கலாம். கொழும்புக்கு ரயில் ஏறினேன். இப்படியான விஷயங்களை விசாரிக்கவென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது, எது என்று சொல்லப்போவதில்லை. அங்கிருந்த அதிகாரி தன்மையானவர், தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். பாரம்பரிய அறிவைப் பாதுகாப்பது அரசாங்கத்தின் கடமை என்று அழகான சிங்களத்தில் சொன்னார். பிறகு ஒரு படிவத்தை எடுத்துவைத்து, இது எந்தச் சமூகத்தின் பாரம்பரியம் என்று கேட்டார்.

தோட்டத்துத் தமிழர் என்றேன். பேனா நின்றது. நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்தானே, அப்படியானால் இது இந்திய அறிவு அல்லவா என்றார். அந்தச் செடி இந்தியாவில் இல்லை ஐயா, இந்த மலையில்தான் இருக்கிறது என்றேன். அப்படியானால் கிராமத்து வைத்தியர்களிடமிருந்து நீங்கள் கற்றுக்கொண்டிருக்கலாம் என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருடைய படிவத்தில் எங்களுக்குக் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

இருநூறு வருடமாக இந்த மண்ணில் புதைந்துகொண்டிருக்கிறோம். முதலில் எங்களுக்கு நாடு இல்லை என்றார்கள். பேரப்பிள்ளைகள் எடுத்த காலத்திலும் பிரசாவுரிமைக்கு வரிசையில் நிற்கவைத்தார்கள். இப்போது எங்கள் கையில் இருக்கிற மருந்துக்கும் ஊர் எது, பூர்வீகம் எது என்று கேட்கிறார்கள். அறிவு வந்தால் அது இந்தியாவுடையது அல்லது பக்கத்துக் கிராமத்துடையது. எங்களுக்கென்று எதுவும் தோன்றவே தோன்றாதா? கொழுந்தை வாட்டின கைக்கு இன்னோர் இலையை வாட்டத் தெரிந்தது என்றால் அதை நம்ப இவர்களுக்கு என்ன கஷ்டம்? தேயிலையை உலகத்துக்கு விற்கும்போது மட்டும் எங்கள் பெண்களின் படத்தைப் பெட்டியில் போடத் தெரிகிறதே! இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பாதிக்கு மேல் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுத்தில் ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள் மிஸ் என்றார்.

எழுத்தில் ஆதாரம். அதைத் தேடி டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்குள்ள புத்தகத்தில் அவர்கள் கொடுத்த மாத்திரைகள்தான் இருந்தன. நாங்கள் எங்களுக்கே செய்துகொண்ட மருந்தை யார் எழுதிவைப்பார்கள்?

கடைசியில் நுவரெலியாவில் தொழில் செய்யும் ஒரு பெண் சட்டத்தரணியிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், நறுக்கென்று பேசுவார். கடிதத்தையும் காப்புரிமைப் பத்திரத்தையும் படிவத்தையும் முழுக்க வாசித்தார். ஊரில் எல்லாரும் ஏற்கெனவே செய்துவருகிற ஒன்றுக்குக் காப்புரிமை கொடுக்க முடியாது, வாயால் சொன்னதும் கையால் செய்ததும்கூடக் கணக்கில் வரும், ஆனால் அந்த ஆராய்ச்சிக்கு முன்பே அது இருந்தது என்று காட்டவேண்டும் என்று விளக்கினார். இப்போது போய் ஐம்பது பெண்களிடம் சத்தியக்கடதாசி வாங்கினாலும், கடிதம் கிடைத்த பிறகு சோடித்தது என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஒலிப்பதிவு அவர்களிடம் இருக்கிறது, தரமாட்டார்கள். பிறகு விரலைப் படிவத்தின் மேல் வைத்து, அன்றைக்கு அந்த அம்மா சரியாக என்ன சொன்னார் என்று கேட்டார். மூன்று வசனத்தையும் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மற்ற ரெண்டையும் ஏன் நீங்கள் எழுதேல்லை?"

படிவத்தில் இடம் போதவில்லை என்றேன். அவர் அந்தப் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். என் ஒரு வரிக்குக் கீழே நான்கு வரிக்கு இடம் வெறுமையாகக் கிடந்தது.

அவர் மேலே கேட்கவில்லை. "நீங்கள் எழுதினது குறை எண்டு நீங்களே சத்தியம் செய்தால்தான் இந்தக் கேஸ் அசையும். ஆனா அவையள் முதல்ல உங்கட முத்திரையிலதான் கை வைப்பினம். யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார்.

யோசித்தேன். சொன்னதை முழுமையாக எழுதவில்லை என்று ஒப்புக்கொள்கிற மொழிபெயர்ப்பாளரின் பதிவை ரத்துச்செய்யச் சொல்லி ஒரு மனுப் போட்டால் போதும். அந்த முத்திரையை நம்பித்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. மூத்த மகள் கம்பஸில் படிக்கிறாள். நான் ஏன் ஒப்புக்கொள்ளவேண்டும்? களவெடுத்தவன் குளிரூட்டிய அறையில் இருக்கிறான், நான் தொழிலை இழக்கவேண்டுமா? இப்படியே இரண்டு வாரம் போனது. வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டயகமவுக்குப் போனேன். அக்கரப்பத்தனை தாண்டியும் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. சின்னம்மா வாசலில் உட்கார்ந்து உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பாவாடையில் துடைத்தார். துடைத்த இடத்தில் இரத்தம் ஒட்டியது. இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தேன். நகத்தோரமெல்லாம் பிளந்து, பெருவிரலில் சதை தெரிந்தது. என் ஆயுளில் சின்னம்மாவின் கையை நான் அப்படிப் பார்த்ததில்லை.

மருந்து எங்கே என்று கேட்டேன்.

"செய்யக் கூடாதுன்னு நீதானே புள்ள படிச்ச."

விற்பதற்காகச் செய்வதற்குத்தான் தடை, தன் கைக்குச் செய்து பூசுவதை எந்தச் சட்டமும் தடுக்காது என்று கத்தினேன். நீ அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லையே என்றார் சின்னம்மா. உண்மைதான். கடைசிப் பக்கத்தை மறைக்கிற அவசரத்தில் நான் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. தோட்டத்தில் எழுத்தில் வந்தது வந்ததுதான். தொரை ஆபீசிலிருந்து ஒரு துண்டு வந்தாலும் எங்கள் சனம் அதை எழுத்துக்கு எழுத்து நடத்திவிடும். ஆறு பெண்களும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, இருந்த போத்தல்களை மண்ணில் ஊற்றியிருந்தார்கள். செய்யக்கூடாது என்றால் வைத்திருக்கவும் கூடாது என்று அவர்களாகவே முடிவெடுத்திருக்கிறார்கள்.

சின்னம்மா சொல்லிக்கொண்டே போனார். போன கிழமை மேல் லயத்திலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாளாம். பிளந்த விரலோடு பிள்ளையைக் குளிப்பாட்ட முடியவில்லை, கொஞ்சம் மருந்து தாருங்கள் என்று கேட்டாளாம்.

"இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றார் சின்னம்மா. "கதவைச் சாத்திக்கிட்டேன் புள்ள. அவ மொகத்தைப் பாக்க முடியல."

சொல்லிவிட்டு அழுதார். சின்னப்பா செத்த வீட்டில்கூட அடுப்படி வேலையைப் பார்த்துக்கொண்டு நின்ற மனுசி. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பையிலிருந்த கடிதத்தை எடுத்து, அன்றைக்கு மறைத்த பக்கத்தை அவர் மடியில் வைத்தேன். என் முத்திரையைக் காட்டினேன். அவர் சொன்ன மூன்று வசனத்தில் நான் ஒன்றைத்தான் எழுதினேன், அந்த ஒன்றை வைத்துத்தான் அவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். கையெழுத்துப் போட்டு அதை ஒப்புக்கொள்ளப்போகிறேன், தொழில் போனால் போகட்டும் என்றும் சொன்னேன். அப்படிச் சொன்னால் கொஞ்சம் ஆறுதலாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

சின்னம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் விட்ட?" என்றார்.

இடம் போதவில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"அந்தப் படிச்சவங்க முன்னால நீங்க தோட்டத்துப் பேச்சுல நீட்டி நீட்டிப் பேசுனது எனக்கு வெக்கமா இருந்துச்சு, சின்னம்மா. எங்க சின்னம்மான்னு அவங்ககிட்ட நான் சொல்லக்கூட இல்ல. சுருக்கி எழுதிப்புட்டேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாளியிலிருந்த துணியை எடுத்து முறுக்கிப் பிழிந்தார். விரல் எரிந்திருக்கவேண்டும், முகம் சுருங்கியது. கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"அதையும் எழுது" என்றார்.

என் சத்தியக்கடதாசியில் பதினொரு பந்திகள் இருக்கின்றன. சின்னம்மா சொன்ன மூன்று வசனமும் அவர் சொன்ன பேச்சிலேயே முதலில் தமிழில் இருக்கிறது, அடுத்து ஆங்கிலத்தில். ஏழாவது பந்தியில் நான் ஏன் விட்டேன் என்பது இருக்கிறது. வழக்குக்கு அது தேவையில்லை, எதிர்த்தரப்புக்கு ஆயுதம் கொடுத்தமாதிரி ஆகும், எடுத்துவிடலாம் என்று சட்டத்தரணி சொன்னார். எடுக்கவேண்டாம் என்றேன். வழக்கு இன்னும் நடக்கிறது. என் பதிவை ரத்துச்செய்யக் கேட்டு ஒரு மனுவும் வந்திருக்கிறது.

கையெழுத்துப் போடுவதற்கு முதல்நாள் சின்னம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பக்கத்து லயத்துப் பெண்களும் வந்து நின்றார்கள். ஏழாவது பந்தியை வாசித்து முடித்ததும் சின்னம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். எல்லாருக்கும் கேட்கிறமாதிரி அதை மட்டும் இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.